நகைச்சுவையைப் பழகுவது: பேச்சுக்கும் கலைக்கும் ஒரு வழிகாட்டி

நகைச்சுவை சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்த வரம், மற்றவர்களுக்கு அது முயன்றாலும் கைகூடாது என்று பலர் சொல்லக் கேட்கிறேன். நாடகம் எழுதுவோருக்கும் மேடையில் பேச விரும்புவோருக்கும் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை. என்னிடம் வந்தவர்களுள் பிறரைச் சிரிக்க வைக்கவே தெரியாதவர் என்று ஒருவரையும் நான் கண்டதில்லை. தாம் எழுப்பும் சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது, அது யார்மேல் போய் விழுகிறது என்று பார்க்கும் பழக்கம் இல்லாதவர்களைத்தான் மிகுதியாகக் கண்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வதும், பிறகு அதைப் பேச்சிலும் எழுத்திலும் கலையிலும் பயன்படுத்துவதும் எப்படி என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஊற்றைக் கண்டறியுங்கள்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வுகள் உடலில் வெளிப்படுவதாகிய மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை, அதாவது சிரிப்பை, முதலில் வைக்கிறது. அது பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்றும் வகுக்கிறது. நகைச்சுவை பற்றி நான் படித்தவற்றுள் இவ்வளவு சுருக்கமாகவும் இவ்வளவு பயன்படும்படியும் அமைந்த வேறொரு பட்டியல் இல்லை. இதை இலக்கணச் செய்தியாகப் படித்துவிட்டு மறந்துவிடுவது பெரிய இழப்பு.

எள்ளல் என்பது இகழ்ந்து சிரிப்பது. நாம் பிறரை எள்ளுவதும் பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பதும் இதில் அடங்கும். இளமை என்பது குழந்தைத் தன்மை. "பல் முளைத்துவிட்டதா?" என்று தொலைபேசியில் பாட்டி கேட்க, பேரக்குழந்தை பதில் சொல்லாமல் வாயை அகலத் திறந்து கருவியின் முன் காட்டுகிறது, அங்கே பிறக்கும் சிரிப்பு இளமையால் வந்தது. பேதைமை என்பது அறியாமை. ஒருவர் தம் கைபேசியின் விளக்கை எரியவிட்டுக்கொண்டு, அந்தக் கைபேசியையே கட்டிலுக்கு அடியில் தேடுவது இந்த வகையைச் சேர்ந்தது.

நான்காவதாகிய மடன் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டியது. பிறர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு, பற்றியதை எந்த நிலையிலும் விடாதிருப்பதே மடன் என்று உரை மரபு விளக்குகிறது. "எழுதத் தெரியாதவர்கள் அதனை இங்கே எழுத்து மூலம் தெரிவிக்கவும்" என்று கேட்கும் ஒரு விண்ணப்பப் படிவத்தை எண்ணிப் பாருங்கள். அதை வகுத்தவர் முட்டாள் அல்லர். எல்லாவற்றையும் எழுத்தில் பெற வேண்டும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டவர், அவ்வளவுதான். பிரெஞ்சு மெய்யியலாளர் ஆன்றி பெர்க்சன் சிரிப்பைப் பற்றி 1900இல் வெளியிட்ட நூலில், உயிருள்ள மனிதர் சூழலுக்கேற்ப வளைந்து கொடுக்காமல் இயந்திரம்போல் நடந்துகொள்ளும் இடத்தில்தான் சிரிப்புப் பிறக்கிறது என்று வாதிட்டார். மடன் என்ற ஒரு சொல்லைத் தெரிந்தவர்களுக்கு அந்த வாதம் புதிதாகத் தோன்றாது.

பயிற்சியை இங்கிருந்தே தொடங்கலாம். ஒரு வாரத்துக்கு ஒரு சிறு குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சிரித்த ஒவ்வொரு முறையும், உங்களால் பிறர் சிரித்த ஒவ்வொரு முறையும், நடந்ததை ஒரு வரியில் எழுதி, நான்கில் அது எதிலிருந்து வந்தது என்று குறியுங்கள். அருகில் யார்மேல் அது விழுந்தது என்றும் எழுதுங்கள். இதைச் செய்யச் சொன்னால் முதல் இரண்டு நாள்களில் பெரும்பாலோரின் ஏடு எள்ளலால் நிரம்பிவிடுகிறது. எள்ளல்தான் எளிதில் கைக்கு எட்டுவது. மூன்றாம் நாளிலிருந்து கண் மற்ற மூன்றையும் தேடத் தொடங்கும். அந்த மாற்றத்துக்காகத்தான் இந்தப் பயிற்சி.

அன்றாடப் பேச்சில் துணுக்கு சொல்லத் தேவையில்லை

பலர் நகைச்சுவையாகப் பேசுவது என்றால் துணுக்குகளை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது என்று எண்ணுகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் புரொவைன் பொது இடங்களில் மக்கள் இயல்பாகச் சிரிப்பதைக் கவனித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகளைப் பதிவு செய்தார். அவற்றுள் நகைச்சுவை என்று சொல்லத்தக்க ஒன்றை ஒட்டி எழுந்த சிரிப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதமெல்லாம் "சரி, பிறகு பார்க்கலாம்" என்பது போன்ற சாதாரணப் பேச்சின் பின்னால் வந்தவை. கேட்பவரைவிடப் பேசுபவரே அதிகம் சிரிப்பதையும், தனித்திருக்கும்போதைவிடப் பிறரோடு இருக்கும்போது மனிதர்கள் ஏறத்தாழ 30 மடங்கு மிகுதியாகச் சிரிப்பதையும் அவர் கண்டார்.

ஆகவே வீட்டிலும் வேலையிடத்திலும் பிறரோடு இணக்கமாக இருக்க விரும்புபவர் முதலில் கற்க வேண்டியது, தாம் சிரிப்பதை. பிறர் சொல்வதை முழுவதும் கேட்டு, அவர் சிரிக்கும் இடத்தில் சேர்ந்து சிரித்து, அவர் விட்ட இழையைப் பிடித்து ஒரு சொல் கூட்டினால் அன்றாடத் தேவைக்கு அதுவே போதும். ஒருவர் ஒரு வேடிக்கையைச் சொல்லி முடிக்கும் முன் அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்றை எடுத்துவிடுபவரோடு யாரும் நெடுநேரம் உட்கார விரும்புவதில்லை.

ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்

மேடைக்கும் எழுத்துக்கும் வந்தால் அமைப்பு முக்கியமாகிறது. இறுக்கமான ஓர் எதிர்பார்ப்பு திடீரென ஒன்றுமில்லாமல் போகும்போது சிரிப்பு எழுகிறது என்று ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1790இல் எழுதினார். அந்த எதிர்பார்ப்பைக் கட்டுவதும் உடைப்பதும் சொற்களின் வரிசையில் இருக்கின்றன. இந்த இரண்டு வடிவங்களையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

"தாமதமாக வருவதில்கூட ஒரு மணி நேரம் என்ற கணக்கைத் தவறவிடாதவர் என் நண்பர்."

"என் நண்பர் நேரம் தவறவே மாட்டார். எங்கே அழைத்தாலும் சரியாக ஒரு மணி நேரம் தாமதமாக வந்துவிடுவார்."

செய்தி ஒன்றுதான். முதல் வடிவத்தில் 'தாமதமாக' என்ற சொல் வாயிலிலேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. கேட்பவர் எதிர்பார்ப்பதற்கு எதுவும் மீதமில்லை. இரண்டாவதில் முதல் வாக்கியம் ஒரு நல்ல மனிதரைக் கண்முன் நிறுத்துகிறது. 'சரியாக ஒரு மணி நேரம்' என்பது வரைக்கும் அவர் முன்கூட்டியே வந்துவிடுபவர் என்றே மனம் போகிறது. அதன்பின் வரும் ஒரே சொல் திசையைத் திருப்புகிறது. அதற்குப் பின்னால் வினைமுற்று ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லாததால் சிரிப்பதற்கு இடம் கிடைக்கிறது. "வந்துவிடுவார், அவருக்கு எப்போதும் அப்படித்தான், என்ன செய்வது" என்று நீட்டிப் பாருங்கள், எழுந்த சிரிப்பு அப்படியே அமுங்கிப்போகும்.

வினைமுற்று இறுதியில் வரும் தமிழ் இதற்குப் பெரிதும் உதவும் மொழி. ஒரு நீண்ட வாக்கியம் முழுவதையும் ஒரு திசையில் கொண்டுபோய், கடைசி வினையில் எதிர்மறை விகுதி ஒன்றைச் சேர்த்து முழுவதையும் கவிழ்த்துவிட முடியும். ஆகவே எழுதி முடித்தபின் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பொருளைத் திருப்பும் சொல் எது? அது இறுதியில் அல்லது இறுதிக்கு மிக அருகில் இருக்கிறதா? இல்லையென்றால் வாக்கியத்தை மாற்றிக் கட்டுங்கள். சொல்லும்போது அந்தச் சொல்லுக்குச் சற்று முன் நிறுத்தி, பின் தெளிவாகச் சொல்லி, சிரிப்பு எழுந்து தணியும் வரை வாய் திறக்காமல் இருங்கள். "இப்போது ஒரு வேடிக்கை சொல்கிறேன்" என்று முன்னறிவிப்புக் கொடுப்பதை அடியோடு விட்டுவிடுங்கள்.

கலையில் நகைச்சுவைக்கு என்ன வேலை

கலைப்படைப்பில் நகைச்சுவையைச் சேர்க்க விரும்புபவர் அதற்கு அங்கே என்ன வேலை என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். அலுப்புத் தட்டாமல் இருக்கட்டும் என்று செருகப்படும் வேடிக்கை எப்போதும் ஒட்டுப்போட்டதாகவே தெரியும்.

சில வேலைகள் தெளிவானவை. சோகத்தின் பாரத்தை இறக்கி வைப்பது ஒன்று. ஜப்பானில் கடுமையான நோ நாடகங்களுக்கு இடையே, அதே மேடையில், கியோகென் என்னும் சிரிப்பு நாடகங்களை நடிப்பது மரபு. வடமொழி நாடகத்தின் விதூஷகனும் தெருக்கூத்தின் கட்டியங்காரனும் வேறு வேறு முறைகளில் இதையே செய்கிறார்கள். ஆனால் பாரத்தை இறக்குவதோடு நிற்காத இடமும் உண்டு. ஷேக்ஸ்பியரின் மாக்பெத்தில் அரசன் கொலையுண்ட உடனே வெளிக்கதவு தட்டப்படுகிறது. குடிபோதை தெளியாத வாயில்காவலன் தன்னை நரகத்தின் காவலனாகக் கற்பனை செய்துகொண்டு, இப்போது யார் உள்ளே வருகிறார் என்று உளறியபடி மெல்ல மெல்ல வருகிறான். பார்வையாளர் சிரிக்கிறார்கள். ஆனால் உள்ளே பிணம் கிடப்பதை அவர்கள் அறிவார்கள். அந்த வீடு உண்மையிலேயே நரகமாகிவிட்டது. அதை வாயில்காவலன் அறியவில்லை. இங்கே ஊற்று பேதைமை. அவனுடைய அறியாமை, நமக்குத் தெரிந்ததை இன்னும் கொடுமையாக்குகிறது. நாடகம் எழுதுவோர் இந்தக் காட்சியைப் பத்து முறை படிக்கலாம். சோகத்தை நீர்க்கச் செய்யாமல் சிரிப்பை எங்கே வைப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

கேலிச்சித்திரம் வரைபவர்களுக்கு 1831ஆம் ஆண்டின் பாரிஸ் நீதிமன்றம் ஒரு பள்ளிக்கூடம். மன்னர் லூயி பிலிப்பை இழிவுபடுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட இதழாசிரியர் சார்ல் ஃபிலிப்போன், தம் தரப்பை விளக்க நான்கு படங்கள் வரைந்து காட்டினார். முதல் படம் மன்னரின் முகம். அடுத்தடுத்த படங்களில் கன்னங்கள் சற்றே கீழிறங்க, உச்சி சற்றே குறுக, நான்காவது படம் வெறும் பேரிக்காய். முதல் படம் குற்றமில்லை என்றால் அதை ஒத்த இரண்டாவது எப்படிக் குற்றமாகும், இரண்டாவதை ஒத்த மூன்றாவது எப்படிக் குற்றமாகும் என்பது அவர் வாதம். அவருக்குத் தண்டனை கிடைத்தது. பேரிக்காயோ மன்னரின் அடையாளமாகவே ஊரெங்கும் நிலைத்துவிட்டது. அதே ஆண்டு ஓவியர் ஒனோரே தோமியே, ஏழைகளின் பணத்தைக் கூடை கூடையாக விழுங்கும் பூதமாக அந்த மன்னரை வரைந்தார். 1832இல் சிறை சென்றார். இருவரிடமும் கற்க வேண்டிய முறை ஒன்றே: உண்மையான முகத்திலிருந்து தொடங்கி, ஒரு கூறை மட்டும் பிடித்து, படிப்படியாக மிகைப்படுத்த வேண்டும். மூக்கு, காது, வயிறு என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பெருக்கினால் யாரை வரைந்தோம் என்பதே மறைந்துவிடும்.

மடனை ஊற்றாகக் கொண்ட கலைக்கு 1917இல் நியூயார்க்கில் நடந்தது நல்ல சான்று. கட்டணம் செலுத்தும் எவருடைய படைப்பையும் தேர்வுக்குழு இல்லாமல் ஏற்போம் என்று அறிவித்த கண்காட்சி ஒன்றுக்கு, கலைஞர் மார்செல் டூஷாம்பின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஒரு சிறுநீர்க் கழிகலம், 'ஆர். மட்' என்ற கையொப்பத்துடன் சென்றது. அதைக் காட்சிக்கு வைக்க மறுத்துவிட்டார்கள். தாங்களே வகுத்த விதி தங்களைச் சிக்கவைக்கும் என்று அவர்கள் எண்ணவில்லை. அந்த மறுப்புதான் வேடிக்கையை முழுமையாக்கியது. விதிகளையும் நிறுவனங்களையும் பற்றிப் படைக்க விரும்புபவர், வெளியே நின்று திட்டுவதைவிட அந்த விதியை அப்படியே, சொன்ன சொல் மாறாமல் பின்பற்றிக் காட்டுவது வலிமையான வழி.

தொலைவையும் கணக்கில் கொள்ள வேண்டும். சிரிப்புக்குரிய குறை வலி தராததாகவும் அழிவு தராததாகவும் இருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் வரம்பு கட்டினார். சார்லி சாப்ளின் 1940இல் ஹிட்லரைக் கேலி செய்து 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தை வெளியிட்டார். வதைமுகாம்களின் உண்மையான கொடூரம் அப்போதே தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது என்று 1964இல் வந்த தம் தன்வரலாற்றில் எழுதினார். கொடுங்கோலனைச் சிரிப்புக்கு உரியவனாக்கும் அதே காட்சியில் அவனால் துன்புறுவோர் இருந்தால், சிரிப்பு அவன்மேல் மட்டும் விழும்படி கட்டுவது மிகக் கடினம். அது முடியாதபோது அந்தக் காட்சியை நகைச்சுவை இல்லாமல் எழுதுவதே நேர்மை.

எள்ளலை எங்கே செலவழிப்பது

எள்ளலே கூடாது என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்ன பேரிக்காயும் எள்ளல்தான். ஆனால் அந்தப் பேரிக்காய் அரியணையை நோக்கிப் போனது. நம் அன்றாட எள்ளலில் பெரும்பகுதி நேர் எதிர்த் திசையில் போகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரின் உச்சரிப்பைக் கூட்டத்தில் மேலாளர் சொல்லிக் காட்டுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், அந்தப் புதியவரும் சிரிக்கிறார். அவர் சிரிப்பதைப் பார்த்து அவருக்கு வருத்தமில்லை என்று மேலாளர் முடிவு செய்துவிடுகிறார். வேறென்ன செய்ய அவரால் முடியும்? 'நகையுள்ளும் இன்னாது இகழ்ச்சி' என்கிறது 995ஆம் குறள். விளையாட்டாகச் சொன்னாலும் இகழ்ச்சி துன்பமே.

நான் கையாளும் சோதனை இது. சொல்ல நினைக்கும் வேடிக்கை யாரைப் பற்றியதோ, அவர் அதே தொனியில், அதே கூட்டத்தில், எனக்குத் திருப்பிப் பதில் சொல்ல முடியுமா? முடியும் என்றால் சொல்லலாம். வேலை போகும், மதிப்பெண் குறையும், வீட்டில் இடம் இருக்காது என்ற அச்சம் அவருக்கு இருந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒருவர் தம் உடல், தோற்றம், குறைபாடு பற்றித் தாமே வேடிக்கை பேசுவது நமக்கும் அந்த உரிமையைத் தந்துவிடாது.

தவறிச் சொல்லிவிட்டால் "சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்று சொல்லாதீர்கள். அது குற்றத்தைக் கேட்டவர்மேல் தள்ளிவிடுகிறது. "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று, சொன்ன அதே கூட்டத்தின் முன் ஒரு முறை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். நீங்கள் எள்ளலுக்கு ஆளானால், சிரிக்காமலும் சினக்காமலும் "எனக்குப் புரியவில்லை, இதில் வேடிக்கை எது?" என்று அமைதியாகக் கேளுங்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் எள்ளலில் சிரிப்புக் கழன்று, இகழ்ச்சி மட்டும் எல்லோர் கண்ணிலும் படும்.

துயரத்தின் அருகில்

நோயாளியின் கட்டிலருகிலும் துக்க வீட்டிலும் நகைச்சுவைக்கு இடமில்லை என்பார் உண்டு. இடம் உண்டு. ஆனால் முதல் சொல்லைச் சொல்லும் உரிமை துன்பப்படுபவருடையது.

என் தந்தைக்கு அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள். கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். யாருக்கும் பேச்சு எழவில்லை. அவருடைய நண்பர் ஒருவர் குனிந்து, "தூக்கம் வருதா அண்ணே?" என்று கேட்டார். அப்பா கண்ணைத் திறக்காமலே, "வருது தம்பி. நீங்கெல்லாம் கிளம்பினதும் வருது" என்றார். அறை முழுவதும் சிரித்தது. மூன்று நாள்களில் அம்மா சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். அந்தத் தெம்பில் என் அத்தான், "அதுக்காக ஒரேயடியாத் தூங்கிடாதீங்க மாமா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அம்மா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இரண்டும் தூக்கத்தைப் பற்றிய பேச்சுத்தான், இரண்டையும் அன்போடுதான் சொன்னார்கள். முதலாவது கட்டிலிலிருந்து வந்தது, இரண்டாவது கட்டிலுக்கு வெளியிலிருந்து வந்தது. அப்பா பார்வையாளர்களைப் பற்றிப் பேசினார். அத்தான் எல்லோரும் அஞ்சிக்கொண்டிருந்த ஒன்றைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டார். ஆகவே இத்தகைய இடங்களில் காத்திருங்கள். அவர் தொடங்கினால் சேர்ந்து சிரியுங்கள், அவர் தொட்ட பொருளுக்குள்ளேயே நில்லுங்கள், அதைத் தாண்டி ஓரடி வைக்காதீர்கள். அவர் தொடங்கவில்லை என்றால் தலையணையைச் சரிசெய்வதும் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதும் போதும்.

அத்தான் அதன்பின் தினமும் வந்தார், ஆனால் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் மாலை, மருத்துவர் பார்த்துவிட்டுப் போனபின், சுவரோரம் நின்றிருந்த அவரை அப்பா அருகில் அழைத்தார். "மாப்பிள்ளை, ஒரேயடியாத் தூங்கறதுக்கு டாக்டர் அனுமதி தரலை. நாளைக்கு வீட்டுக்குப் போகச் சொல்றார்" என்றார். அம்மாதான் முதலில் சிரித்தார்.